பாயிண்ட் எட்டு

பேரு வேணாம். பேரைச் சொன்னா கடலூர் முதுநகர்ல பாதிப் பேரு "அடடே, நம்ம சாரு"ன்னு கெளம்பி வந்துடுவாங்க, மீதிப் பேரு அவர்கிட்டயே போய்ப் போட்டுக் குடுத்துடுவாங்க. என் அக்கா வீட்டுக்காரரு. எனக்கு மாமா. இப்ப ரெண்டு பேரும் ஒசூர்ல மகன் வீட்டுல இருக்காங்க. இதை யாராவது அவருக்குப் படிச்சுக் காட்டுனா மொதல்ல என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியும். "யாரு சொன்னா?"ன்னு கேப்பாரு.

அதுதான் அவரு பேச்சு. மணி நாலாச்சுன்னா, யாரு சொன்னா. மழை வரப்போவுதுன்னா, யாரு சொன்னா. வானம் கறுத்து, கொடியில துணியெல்லாம் பறந்துட்டு இருக்கும். அப்பவும் வெளிய வந்து அண்ணாந்து பாத்து, கையை நீட்டி ஒரு சொட்டு விழுந்தப்புறந்தான் "மழை வரும்போல இருக்கே"ன்னு அவரே புதுசாக் கண்டுபுடிப்பாரு. அடுத்தவங்க வாயில இருந்து வந்த சங்கதி அவரு காதுக்குள்ள போவாது. அதுவும் அக்கா வாயில இருந்து வந்துச்சுன்னா சுத்தம்.

எய்டட் ஸ்கூல் ஒண்ணுல பிஸிக்ஸ் லேப் அசிஸ்டெண்டா இருந்தாரு. பசங்களுக்கு ஸ்க்ரூ கேஜை எடுத்துக் குடுத்து, திருப்பி வாங்கி, தொடைச்சு வச்சே வயசு போச்சு. அதனால எதையும் அளந்து பாத்துதான் நம்பணும்னு ஒரு கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனா அளக்கிற ஆளு அவரா மட்டும்தான் இருக்கணும்.

இப்படிப்பட்ட மனுஷன் கையில ஒரு கார் வந்து சேந்துச்சு. பாண்டிச்சேரில ஒரு டாக்டர் வச்சிருந்தது. சிவப்பு. ஆயிரத்து அறுநூறு சிசி. அது ரோட்டுல போனா ஒரு காலத்துல காலேஜ் பசங்க டீ கிளாஸைக் கையில புடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பாங்களாம். மாமா வாங்குனப்போ அதுக்குப் பதினெட்டு வயசு, ஓட்டுப் போடற வயசு. மீட்டர்ல இருநூறு வரைக்கும் நம்பர் போட்டிருக்கும். மாமா ஓட்டி அந்த முள்ளு அறுவதைத் தாண்டி நான் பாத்ததே இல்ல. அறுவது வந்தாலே "இப்ப பாரு, பறக்குது பாரு"ம்பாரு. பக்கத்துல டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போயிட்டு இருக்கும்.

எஞ்சினுக்குள்ள போற பெட்ரோலுக்குப் பொறி வைக்கிறதுதான் ஸ்பார்க் பிளக்கோட வேலை. விரல் நீளத்துக்கு இருக்கும். மேல வெள்ளைப் பீங்கான், அடியில மரை, நுனியில ரெண்டு சின்னக் கம்பி. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துலதான் பொறி தாவணும். அந்தச் சந்துக்குப் பேரு கேப். இந்த வண்டிக்கு நாலு பிளக். என்ன நம்பர் பிளக் போடணும், கேப் எவ்வளவு வைக்கணும்னு வண்டியைச் செஞ்சவன் பானெட்டு உள்பக்கம் ஸ்டிக்கர்ல அச்சடிச்சே ஒட்டி வச்சிருந்தான். பாயிண்ட் எட்டு மில்லிமீட்டர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அதோட வேலை முடிஞ்சுது. மாமா வாங்குன மொத மாசமே பானெட்டைக் கழட்டிப் பெயிண்டுக்குக் குடுத்தாரு. உள்பக்கமும் சேத்து அடிச்சுட்டாங்க, ஸ்டிக்கர் போச்சு. "போனா போவட்டும், அவன் சொல்லிட்டா சரியாயிடுமா?"ன்னாரு.

அக்கா பத்தாவதுப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கறவ. பொட்டலம் கட்டிட்டு வந்த பேப்பரைக்கூடப் பிரிச்சுப் படிச்சுட்டுதான் போடுவா. பெயிண்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அந்த ஸ்டிக்கரைப் பாத்து நம்பரையும் கேப்பையும் காலண்டர் அட்டைக்குப் பின்னாடி எழுதி வச்சிருந்தா. எழுதுனதோட விட்டிருக்கலாம். "என்னங்க, பாயிண்ட் எட்டுன்னு போட்டிருந்துச்சு"ன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா. அன்னியிலேருந்து பாயிண்ட் எட்டு அந்த வீட்டுக்கு ஆவாத நம்பராயிடுச்சு. பாயிண்ட் ஏழு வைப்பாரு, பாயிண்ட் ஒம்போது வைப்பாரு, ஒருதடவை ஒண்ணு பாயிண்ட் ரெண்டு வச்சு வண்டி செவுடன் கிட்ட பேசற மாதிரி கத்துச்சு. எட்டு மட்டும் வைக்க மாட்டாரு.

ஞாயித்துக்கிழமை காலையில அந்த வீட்டுக்குப் போனா கூடத்தைத் தாண்டி நடக்க முடியாது. தரையில பேப்பர் விரிச்சு நாலு பிளக்கையும் வரிசையாப் படுக்க வச்சிருப்பாரு. பக்கத்துல ஃபீலர் கேஜ், அதாவது மெலிசு மெலிசாத் தகடு அடுக்கி விசிறி மாதிரி விரிக்கிற சாமான். ஒவ்வொரு தகட்டையும் அந்தச் சந்துல விட்டு இழுத்து, கண்ணை மூடிக்கிட்டு, லேசா உரசுதா, ஜாஸ்தியா உரசுதான்னு பாப்பாரு. அப்புறம் பூதக்கண்ணாடி. நுனி பிஸ்கட் கலர்ல இருந்தா எஞ்சின் சொகம். கரி புடிச்சிருந்தா சரியா எரியல. வெளுத்திருந்தா சூடு ஜாஸ்தி. அக்கா பத்து நாளு இருமிக்கிட்டுக் கெடந்தா, ஒருதடவை வாயத் தொற பாக்கலாம்னு கேட்டதில்ல இந்த மனுஷன்.

அக்கா மகனுக்கு மொட்டை போட திருவந்திபுரம் போனோம். கெடிலம் பாலம் தாண்டுனதும் வண்டி இருமிச்சு. அக்கா, "கேப்பு கம்மியா இருக்கும்"னா. அவ்வளவுதான். மலைக்கு ஏறற படிக்கட்டுக்கிட்ட வண்டியை ஓரங்கட்டி, ஒரு பிளக்கைக் கழட்டி, கேப்பைக் கொறைக்கப்போறேன்னு அதைக் கருங்கல் படியில தட்ட ஆரம்பிச்சாரு. மொட்டை அடிக்கிறவரு கத்தியை ஈரத் துணியில தொடைச்சுக்கிட்டே ரொம்ப நேரம் பாத்தாரு. "சார், தேங்கா ஒடைக்கிற எடம் அந்தாண்ட"ன்னாரு. அந்த நேரம் பாத்துப் பீங்கான் பட்டுன்னு விண்டுக்கிச்சு. புள்ள மொட்டைத் தலையோட ஷேர் ஆட்டோவுல வந்தான். மாமா சொன்ன காரணம், கல்லு சரியில்ல.

அப்புறம் மாமாவுக்கு சிக்குன்குனியா வந்து ஒரு மாசம் படுத்துட்டாரு. அக்கா அந்த நேரம் பாத்து மெக்கானிக்கை வரச்சொல்லி, காலண்டர் அட்டையைக் காட்டி, அதே நம்பர் பிளக் நாலு வாங்கி, பாயிண்ட் எட்டு வச்சு மாட்ட வச்சுட்டா. மாமா எந்திரிச்சு வந்து ஓட்டிப் பாத்தாரு. வண்டி வெண்ணெயாப் போவுது. "பாத்தியா, நான் போன மாசம் வச்ச கேப்பு இப்பத்தான் செட்டாவுது"ன்னாரு. அக்கா என்னைப் பாத்தா, நான் அக்காவைப் பாத்தேன். எட்டு மாசம் அந்த வண்டிக்கு ஒரு தும்மல் இல்ல.

சும்மா இருந்தாரா? பழைய வேக வண்டி வச்சிருக்கறவங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு. அதுல யாரோ ஒருத்தன், கோயமுத்தூர் பக்கமாம், ரேஸ் டிராக்குல ஓட்டறவனாம், கோல்டு பிளக்குன்னு ஒண்ணு போடறானாம், தங்கம் இல்ல, ஜில்லுங்கற கோல்டு. எஞ்சின் ரொம்ப நேரம் கன்னாபின்னான்னு வேகமா ஓடி சூடாவும்போது அந்த சூட்டை சீக்கிரம் எறக்கி விடற பிளக். மெதுவா ஓட்டறவனுக்கு அது ஆவாது, நுனி சூடேறாம கரி சேந்துடும். இதையும் அதே குரூப்புல ஒரு நல்ல மனுஷன் போட்டிருந்தாரு. மாமா அதைப் படிக்கல. ஊரு பேரு தெரியாதவன் சொன்னது வேதம். திருப்பாப்புலியூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், "சார், உங்க வண்டிக்கு இது வேணாம், நீங்க டவுனுக்குள்ளதான ஓட்டறீங்க"ன்னு சொல்லிப் பாத்தாரு. யாரு சொன்னான்னு கேட்டுட்டு கூரியர்ல வரவழைச்சுட்டாரு.

இதெல்லாம் எப்படியோ போவட்டும், எனக்கென்ன. என் தலையில வந்து விடிஞ்சதுதான் சங்கதி. டீச்சர் வேலைக்குப் பரிட்சை எழுதி பாஸாயிருந்தேன். சிதம்பரத்துல சர்டிபிகேட் சரிபார்ப்பு, காலையில பத்து மணி. வராதவங்களுக்கு மறு வாய்ப்பு கிடையாதுன்னு லெட்டர்லயே போட்டிருந்தான். எனக்கு அப்ப முப்பத்தி மூணு வயசு. மூணாவது தடவை எழுதுனது. எங்க வீடு மேல்பட்டாம்பாக்கம். அங்கேருந்து காலையில கெளம்பறது கஷ்டம்னு மொத நாளே அக்கா வீட்டுக்கு வந்துட்டேன். ஆறரை பஸ்ஸுல போறதாத் திட்டம்.

"நான் இருக்கும்போது நீ பஸ்ஸுல போறதா? என்னா பாப்பா, மாமாவ என்னான்னு நெனச்ச?"

கெட்ட மனுஷன்னு சொல்லிட முடியாது, அதுதான் கொடுமை. என் சர்டிபிகேட்டெல்லாம் வாங்கி, தேதி வாரியா அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் ஜெராக்ஸ் வச்சு, ஃபைல்ல போட்டுக் குடுத்தவரு அவருதான். அந்த சந்தோஷத்துல நானும் சரின்னுட்டேன். சாயங்காலம் பாத்தா பானெட்டைத் தொறந்து வச்சு, கூரியர்ல வந்த நாலையும் மாட்டிக்கிட்டு இருக்காரு. கேப்பு ஒண்ணு பாயிண்ட் ஒண்ணு.

அக்கா, "பழசு நல்லாத்தானங்க ஓடுது? நாளைக்கு அவளுக்கு முக்கியமான நாளு. போயிட்டு வந்து மாத்துங்களேன்"னா.

"யாரு சொன்னா நல்லா ஓடுதுன்னு? நீ எஞ்சினுக்குள்ள போய்ப் பாத்தியா?"

அவரு கை கழுவப் போனதும் அக்கா குப்பைக் கூடையில இருந்து அந்தப் பழைய நாலையும் பொறுக்கித் தொடைச்சு, பேப்பர்ல சுத்தி, எலுமிச்சம்பழ சாதத்துக்குப் பக்கத்துல என் பையில வச்சா. "வழியில நின்னா எடுத்துக் குடு. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாத"ன்னா. இந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் ஞாபகம் வச்சிருந்தா இன்னிக்கு இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

ஏழே முக்காலுக்குக் கெளம்புனோம். என் பையை அவருதான் தூக்கிட்டு வந்து வச்சாரு. சிப்காட் தாண்டுற வரைக்கும் பறக்குது பறக்குதுன்னாரு. அப்புறம் ரோடு வேலை. ஒரு பக்கம் மூடி வச்சிருக்கான். முன்னாடி கரும்பு டிராக்டர், அதுக்கு முன்னாடி இன்னொரு கரும்பு டிராக்டர். நடந்து போறவன் எங்களைத் திரும்பிப் பாத்துட்டுப் போறான். அப்புறம் ஒரு ரயில்வே கேட்டு, அங்க கால் மணி. வண்டி மெதுவா உதற ஆரம்பிச்சுது, குளிர் ஜொரம் வந்த மாதிரி. புதுச்சத்திரம் தாண்டி ரெண்டு தடவை டப் டப்புன்னு வெடிச்சுட்டு நின்னுடுச்சு. மணி ஒம்போதுக்குப் பத்து நிமிஷம் இருக்கு.

மாமா மூஞ்சில ஒரு கவலை இல்ல. மூட்டை பிரிச்சாரு. ஸ்பேனர், ஃபீலர் கேஜ், பூதக்கண்ணாடி. பேப்பர் விரிச்சாரு, ரோட்டோரத்துல! நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா வச்சாரு. நாலும் அடுப்புல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு.

"கரி புடிச்சிருக்கு மாமா. எனக்கே தெரியுது."

"யாரு சொன்னா கரின்னு? இது ஈரம். கடல் காத்து."

உப்புத்தாளு வச்சுத் தேச்சாரு. கேப்பு பாத்தாரு. கண்ணை மூடிக்கிட்டுத் தகட்டை இழுத்தாரு. திருப்பி மாட்டுனாரு. ரெண்டு கிலோமீட்டர் ஓடி மறுபடியும் நின்னுது. மறுபடியும் பேப்பர், மறுபடியும் பூதக்கண்ணாடி. ஒம்போதே கால். மூணு வருஷம் ராத்திரியும் பகலும் படிச்சதெல்லாம் அந்தப் பேப்பர் மேல கெடக்கிற மாதிரி இருக்கு. பையைத் தொறந்து பொட்டலத்தை எடுத்து நீட்டுனேன்.

"மாமா, இந்தாங்க பழைய பிளக்கு. இதை மாட்டுங்க, போயிடலாம்."

கை நீட்டி வாங்குனாரு. சத்தியமா வாங்குனாரு. பேப்பரைக்கூடப் பிரிச்சாரு. பதட்டத்துல என் வாயி சும்மா இருந்துதா? "அக்கா குடுத்தா"ன்னுட்டேன்.

பொட்டலத்தைப் பழையபடி மடிச்சாரு, மூலை மூலையா, அழகா. டிரைவர் சீட்டு மேல வச்சாரு. "இதை மாட்டுறதுக்கு வண்டியைத் தள்ளிக்கிட்டே சிதம்பரம் போவலாம்"னாரு. "பத்து நிமிஷம் இரு, இப்ப சரியாயிடும்."

"மாமா, என் வேலை போயிடும் மாமா."

"யாரு சொன்னா?"

அதுக்கு மேல நான் நிக்கல. ஃபைலையும் பையையும் தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடி, கையைக் காட்டிக் காட்டி, பஸ்ஸு ஒண்ணும் நிக்காம, கடைசியில ஒரு குட்டியானை லோடு வண்டி நின்னுது. முதுநகர் துறைமுகத்துல மீனு ஏத்திக்கிட்டுச் சிதம்பரம் போற வண்டி. ஓட்டறவரும் அவரு வீட்டம்மாவும் முன்னாடி இருந்தாங்க. அந்தம்மா நகந்து எடம் குடுத்து, ஐஸ் தண்ணி சொட்டற கூடை ஒண்ணை என் கால்கிட்டத் தள்ளுனாங்க. என் போனு மாமா வண்டியில சார்ஜுல கெடக்கறது அப்பத்தான் ஞாபகம் வந்துது.

"வண்டிக்கு என்னம்மா?"ன்னாரு ஓட்டறவரு.

"பிளக்குங்க."

"மாத்து பிளக்கு இல்லியா?"

"இருக்கு."

"அப்புறம்?"

"மாட்ட மாட்டாரு. அது எங்க அக்கா குடுத்தது."

அந்தம்மா புருஷன் பக்கம் திரும்பி, "கேட்டுக்கோ"ன்னாங்க.

போய்ச் சேந்தப்போ பத்தரை. சரிபார்ப்பு நடந்த பள்ளிக்கூடத்துல என் நம்பர் தாண்டிப் போயிட்டான். மேசையில இருந்தவரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு, மூக்கைச் சுருக்குனாரு. "உக்காருங்க. கடைசியில நேரம் இருந்தா பாக்கலாம். கேரண்டி இல்ல." உக்காந்தேன். பக்கத்து நாற்காலில இருந்த பொண்ணு, தல நெறைய மல்லிப்பூ, மெதுவா ரெண்டு நாற்காலி தள்ளிப் போயிட்டா. அவ மேல தப்பில்ல, என் பொடவையெல்லாம் சங்கரா மீனு வாடை. எலுமிச்சம்பழ சாதம் எறங்கல. தண்ணி குடிக்கப் போனா அந்த நேரம் கூப்புட்டுடுவாங்களோன்னு அதுக்கும் போவல. மத்தவங்க ஒவ்வொருத்தரா சிரிச்சுக்கிட்டே வெளிய போறாங்க. அஞ்சு மணி நேரம். மாமாவை மனசுக்குள்ள நான் திட்டுனதை எழுதுனா இதை யாரும் அச்சுல போட மாட்டாங்க. மூணே முக்காலுக்கு மேசைக்காரரு நிமுந்து, "அந்த மீன்கார அம்மாவைக் கூப்புடு"ன்னாரு. ஃபைலைக் குடுத்தேன். தேதி வாரியா, ஜெராக்ஸோட. அவரு புரட்டிப் பாத்துட்டு, "நல்லா அடுக்கி வச்சிருக்கீங்க"ன்னாரு. நாலு நிமிஷத்துல முடிஞ்சுது. எல்லாம் சரியா இருக்கு, ஆர்டர் வரும்னாரு.

பஸ் புடிச்சு முதுநகர் வந்து தெருவுல திரும்புனா, வாசல்ல சிவப்பு வண்டி நிக்குது. எஞ்சின் ஓடுது. ஒரு உதறல் இல்ல, வெண்ணெய். சுத்தி எதுத்த வீட்டுக்காரரும் மூலைக் கடைக்காரரும் இன்னும் ரெண்டு மூணு பேரும். நடுவுல மாமா.

"ஒண்ணுமில்ல, கடல் காத்து. சின்ன அட்ஜஸ்ட்மெண்டுதான். முடிக்கறதுக்குள்ள இது அவசரப்பட்டு மீன் வண்டில ஏறிடுச்சு. பத்து நிமிஷம் பொறுத்திருந்தா ஒம்போதே முக்காலுக்கெல்லாம் கொண்டுபோய் விட்டிருப்பேன்."

போனை எடுக்கலாம்னு வண்டிக்குள்ள குனிஞ்சேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல அந்தப் பேப்பர் கெடந்துது. பிரிச்சபடி, காலியா. அவரு சிதம்பரம் பக்கமே வரல. நான் அந்தாண்ட போனதும் நாலையும் எடுத்து மாட்டி, வண்டியைத் திருப்பி, மத்தியானமே வந்து சாப்புட்டுட்டு படுத்து எந்திரிச்சிருக்காரு. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு.

"மாமா, பானெட்டைத் தொறங்க."

"எதுக்கு?"

"தொறங்க. உள்ள எந்த பிளக்கு இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவரு பானெட்டு மேல ரெண்டு கையையும் வச்சு அழுத்திக்கிட்டாரு. கோவமா இருந்தாருன்னா திட்டிட்டுப் போயிருப்பேன். கோவம் இல்ல, பயம். சத்தம் கேட்டு அக்கா ஈரக் கையோட வெளிய வந்தா. என் கையில இருந்த பேப்பரைப் பாத்தா. என் கையைப் புடிச்சுக் குழாயடிக்கு இழுத்துட்டுப் போயிட்டா.

"நீ போனப்புறம் மாட்டுனாரா?"

"ஆமா! உன் பேரைச் சொன்னதும் மடிச்சு வச்சாருக்கா. நான் போனதும் மாட்டியிருக்காரு!"

"எனக்கும் அப்பிடித்தான். நான் அந்தாண்ட போனப்புறந்தான் நான் சொன்னது அவருக்கு சரின்னு படும். அதான் நான் அந்தாண்டயே இருந்துக்கறேன்." கையைப் பொடவையில தொடைச்சுக்கிட்டா. "விடுடி. நீ நாளைக்கு ஊருக்குப் போயிடுவ. இன்னிக்கு நீ அதை நாலு பேரு முன்னாடி தொறந்தா, அப்புறம் எத்தினி மாசம் நான் அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டுச் சோறு போடணும் தெரியுமா?"

திரும்பி வந்தேன். எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. மாமா கை இன்னும் பானெட்டு மேலதான்.

"நான்தான் மாமா அவசரப்பட்டுட்டேன்"னேன்.

மூஞ்சி அப்படியே பூத்துடுச்சு. கையை எடுத்தாரு. "பரவால்ல பாப்பா, விடு. சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்ட"ன்னு தலையைத் தடவிக் குடுத்தாரு. தெருவே பாக்க என்னை மன்னிச்சாரு அந்த மனுஷன்.

அழுகையை அடக்கிக்கிட்டு உள்ள போயி உக்காந்தேன். அக்கா தட்டுல சோத்தைப் போட்டு, குழம்பை ஊத்திட்டு, குனிஞ்சு கேட்டா.

"வேலை என்னாச்சுடி?"

"கெடச்சுடுச்சுக்கா!"

அவ கண்ணு கலங்கிடுச்சு. சட்டுன்னு என் வாயைப் பொத்துனா. "மெதுவாச் சொல்லு"ன்னா. "வெளிய நாலு பேரு இன்னும் நிக்கறாங்க. அவரு காதுல விழுந்தா அதையும் அவருதான் வாங்கிக் குடுத்தாருன்னு ஆயிடும்."